அவசியமில்லாதவை

சாட்ஸ்வொர்த்தில் ஒரு மேட்டு வீடு.
வேனிலிருந்து ஏணியை இறக்கும்போதே
தயாளன் படையாச்சி சொல்லிவிட்டார்:
"எட்டு மணிக்குக் கரண்ட் போகும். அதற்குள் முடித்துவிடு, மகளே."

இன்வெர்ட்டர் புதிது, ஐந்து கிலோவாட்.
பேட்டரியின் ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.
போன வாரம்
கீசரும் அடுப்பும் கெட்டிலும் ஒரே நேரத்தில் அதன்மேல் ஏற
ஒருமுறை அலறிவிட்டு அணைந்துபோனதாம்.

அதற்குத்தான் ரிலே.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
தெருவில் மின்சாரம் இருக்கும்வரை
அதன் சுருள் ஒரு செப்பு நாக்கை இழுத்துப் பிடித்திருக்கும்.
தெரு இருண்டால் விட்டுவிடும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
யோசித்து அது எதையும் அணைப்பதில்லை.
யோசிப்பது நாம்,
பகலில், தேநீர் குடித்துக்கொண்டு.

எது இருக்கட்டும் என்று கேட்டேன்.
வைஃபை என்றான் பிரினோலன், தலை நிமிராமல்.
முருகன் படத்தைச் சுற்றும் சீரியல் பல்பு என்றார் யோகாம்பாள் ஆன்ட்டி.
நான்கு வாட். முருகனுக்குத் தடையில்லை.
ஃப்ரீசரில் அரை ஆடு கிடந்தது,
அதையும் சேர்த்தேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எனக்கு மிச்சம் வைத்த எழுத்தில்
நோட்டில் குறித்தேன். வேண்டாதவை:
கீசர். நீச்சல்குள மோட்டார். அவன்.
எட்டிப் பார்த்த ஆன்ட்டி சிரித்தார்:
"எவன்?"

போர்டில் பதினோராவது பிரேக்கருக்குப் பெயர் இல்லை.
பழைய பம்ப்பாக இருக்கும் என்றார் படையாச்சி.
அணைத்துப் பார்த்தேன்.
வீட்டில் ஒன்றும் நிற்கவில்லை.
கொல்லையில் ஒரு கதவு திறந்தது.
கழுத்தில் அளவு நாடா,
கையில் பாதி தைத்த பள்ளிச் சட்டை,
ஒரு பெண் கேட்டாள்:
"அதற்குள் எட்டு மணி ஆகிவிட்டதா?"

"ஓ, வாடகைக்காரி.
கீசரோடு போட்டுவிடு."

போட்டேன்.
திருகையும் இறுக்கினேன்.
சொன்னதைச் செய்யத்தானே கூலி.
பிறகு பழக்கதோஷத்தில்
பிரேக்கரை மறுபடி ஏற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
ஒரு பல்பு, ஒரு தையல் மெஷின்.

"அரை ஆம்பியர், அங்கிள்."

அவர் வானத்தைப் பார்த்தார்,
மழை வருமா என்று யோசிப்பவர்போல.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
சொல்வதற்குள் திருகைத் தளர்த்தினேன்.

லேபிளுக்காகப் பெயர் கேட்டேன்.
சிபோங்கிலே.
கீசர் அடங்கும் காகிதத்தில் அவள் அடங்கவில்லை.
இரண்டு லேபிளைச் சேர்த்து ஒட்டி எழுதினேன்.

எட்டு மணி.
சரிவில் தெருத் தெருவாக விளக்குகள் போயின, கீழிருந்து மேலாக.
பெட்டிக்குள் டக் என்றது.
கீசர் விட்டது. குளம் விட்டது.
அவன் விட்டான்.
முருகன் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தார்.
கொல்லையில் தையல் சத்தம்
ஒரு மூச்சு நின்று
தொடர்ந்தது.

பில்லில் இரண்டாவது ரிலேயின் விலைக்கு
படையாச்சி வெகுநேரம் பேரம் பேசினார்.
'கம்பி, நான்கு மீட்டர்' என்ற வரியை
விரலால் தாண்டிப் போனார்.

என் தெருவும் எட்டு மணித் தெருதான்.
வேனை நிறுத்தி,
சாவித் துவாரத்தை விரலால் தேடினேன்.