ஆறாம் ஒழுங்கையில் பதினொரு நிமிடம்

மார்ச் மாதக் கடைசிக் கிழமை.
பின்னேரம் ஆறு பத்துக்கு
மேற்கே போகிற வண்டிகள் மட்டும் நின்றன.
ஓட்டுநர் இல்லாத பதினாலு வண்டி,
முதுகில் நாற்பதடிப் பெட்டி,
துறைமுகத்தின் ஆறாம் ஒழுங்கையில்
கடலைப் பார்த்தபடி.

ஆறு இருபத்தொன்றுக்குத்
தாமாகவே புறப்பட்டன,
ஒன்றும் நடக்காத மாதிரி.

முதல் நாள், உப்பு என்றேன்.
கண்ணாடியெல்லாம் ஸ்பிரிற் போட்டுத் துடைத்தோம்.
இரண்டாம் நாள், காகம் என்றான் இந்துனில்.
காகத்துக்கு மணிக்கூடு கட்டிவிட்டது யார் என்று கேட்டேன்.
மூன்றாம் நாள் மேலாளர் அழைத்து
ஒரு நிமிடம் நின்றால் எத்தனை டொலர் என்று சொன்னார்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

இங்கே வானொலி அலை சரிவராது.
எங்கும் இரும்பு. சொன்ன சொல்
ஆறு பெட்டியில் முட்டி
ஆறு சொல்லாய்த் திரும்பிவரும்.
ஆகவே வெளிச்சத்தால் பேசவைத்தோம்.
முன்வண்டியின் வாலில் ஒரு விளக்கு
நொடிக்குப் பல லட்சம் தடவை இமைக்கும்;
பின்வண்டியின் நெற்றிக்கண் வாசிக்கும்.
(நெற்றிக்கண் நான் வைத்த பெயர்.
இது எதையும் எரிக்காது.)
வளைகிறேன், மெதுவாகிறேன், பிரேக்.
அவ்வளவுதான் அகராதி.
அந்த வெளிச்சம் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.
ரிஃப்கானின் மலிந்த போன் கமெராவில் மட்டும்
நாவற்பழக் கறைபோல ஓர் ஊதாப் புள்ளி.

ஒரேயொரு சட்டம் எழுதியிருந்தோம்:
முன்னால் போவது சொல்வது கேட்கவில்லையா,
ஊகிக்காதே,
நில்.

நாலாம் நாள் நானே போய்
எட்டாம் வண்டியின் முன்னால் குந்தினேன்,
அதன் கண் இருக்கிற உயரத்தில்.

இரண்டு பெட்டிச் சுவருக்கும் நடுவில்,
ஒழுங்கை முடிகிற இடத்தில்,
அலைதடுப்புக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில்
சூரியன்.

எனக்கு அது அந்தி.
வண்டிக்கு இரைச்சல்:
எல்லா நிறத்திலும் ஒரேயடியாய்க் கத்துகிற ஒன்றின் முன்
குசுகுசுக்கிறது ஒரு சின்ன விளக்கு.

"இர," என்றான் இந்துனில் என் தோளுக்குப் பின்னால்.
இரைச்சல் என்றுதான் சொல்ல வருகிறான் என்று நினைத்தேன்.
அவன் மொழியில் அது சூரியன்.
கோடு என்றாலும் அதே சொல்தானாம்.
ஒழுங்கைக் கோட்டில் சூரியன்,
ஒரு சொல்லில் றிப்போர்ட் முடிந்தது.

ரிஃப்கான் கிரேன் காலடியில் இருந்தான்,
மடியில் மூன்று பேரீச்சம்பழம்,
போத்தலில் கஞ்சி.
"இதுகளும் நோன்பு போல," என்றான்,
நிற்கிற பதினாலையும் காட்டி.
நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்திருந்தோம்.
கடல் கடைசிச் சிவப்பையும் விழுங்கியது.
தூரத்தில் பாங்கு.
அவன் பழத்தை வாயில் வைத்தான்.
எட்டாம் வண்டி என் முழங்காலுக்கு முன்னால் உறுமியது.
நான் விலகி ஓடினேன், செருப்பொன்றை விட்டுவிட்டு.

காரணம்: சூரியன் என்று எழுதி அனுப்பினேன்.
ஒழுங்காய் எழுதும்படி திருப்பி அனுப்பினார்கள்.
பின்னணி ஒளிச்செறிவு என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.

வடிகட்டிக் கண்ணாடி சிங்கப்பூரிலிருந்து வர
மூன்று மாதமாகும்.
அதுவரைக்கும், பஞ்சிகாவத்தையில் வாங்கிய
கறுத்த பிளாஸ்டிக் குழாய்,
கண்ணுக்கொன்று, சாண் நீளம்.
குதிரைக்குப் பட்டை கட்டினதுபோல
பதினாலுக்கும் கட்டினோம்.

அன்று பின்னேரம் கடலுக்கு மேலே முகில்.
வண்டிகள் நிற்கவில்லை.
மறுநாளும் முகில், பிறகு மழை.
வானம் வெளித்தபோது
சூரியன் வடக்கே ஒதுங்கிவிட்டது,
நாலாம் அடுக்குப் பெட்டிகளுக்குப் பின்னால்.

நிறுத்தாமல் விட்டது குழாயா, முகிலா?
மேலாளருக்குத் "தீர்ந்தது" என்ற சொல் வேண்டும்.
அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
கீழே, குறிப்பு என்ற இடத்தில்:
செப்டெம்பரில் அது திரும்பி வரும்,
ஆறு மணிக்குச் சற்று முந்தி.
யாராவது போய்க் குந்திப் பார்க்கவும்.