பகுதியெண்

பொரளையில் நாலாம் மாடி.
மின்விசிறி ஓடினால் கோப்புகள் பறக்கும்,
நிறுத்தினால் நாங்கள் அவிவோம்.
வாய்ப் புற்றுநோய் என் மேசைக்கு வரும்.
நாக்குக்கு ஓர் இலக்கம், கன்னத்து உட்புறத்துக்கு ஓர் இலக்கம்,
நாக்கின் கீழுள்ள தரைக்கு ஓர் இலக்கம்.
வாய்க்குத் தரை உண்டென்று
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

ஆண்டு முடிய ஒரு கோடு கீறுவோம்.
ஏறினால் அமைச்சிலிருந்து தொலைபேசி வரும்.
இறங்கினால் கேக் வரும்.

ஒருமுறை இறங்கியது என்னால்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அந்தோனிமுத்து கிளாரன்ஸ்
சிங்களத்தில் ஒருவன், தமிழில் ஒருவன், ஆங்கிலத்தில் ஒருவனாக
மூன்று ஆஸ்பத்திரிக் கடதாசிகளில் கிடந்தான்.
அடையாள அட்டை இலக்கம் ஒன்றுதான்.
இரண்டு பேரை அழித்தேன்.
ஒரே பிற்பகலில் இரண்டு பேரைச் சுகப்படுத்திய கிளார்க்
வேறு எவரும் இருந்தால் சொல்லுங்கள்.
மிஞ்சியவன் மாசியில் போய்விட்டான்.

இன்னொருமுறை ஏறியது.
பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள்
மாநகர சபைத் துப்புரவாளர்களை விடியற்காலை வரிசையில் நிறுத்தி
ஆவென்று சொல்லச்சொல்லி டோர்ச் அடித்த ஆண்டு அது.
நோய் கூடவில்லை, வெளிச்சம் கூடியது.

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும்போது
யுத்த காலத்துக் கொழும்பு செங்குத்தாய் எழும்பி நின்றது.
விலாசப் பத்தியை வாசித்தேன்.
கொட்டாஞ்சேனை லொட்ஜ், அறை ஆறு.
வெள்ளவத்தை, மச்சாள் வீடு.
திரும்பவும் கொட்டாஞ்சேனை, அறை ஆறு, வேறு ஆள்.
கதிர்ச் சிகிச்சைக்குக் கப்பலில் வந்தவர்கள்,
பொலிஸ் பதிவுக்குக் கொடுத்த விலாசத்தையே
எங்களுக்கும் கொடுத்தவர்கள்.
தொகுதியெண்ணில் அவர்கள் கொழும்பார்.
பகுதியெண்ணில் எங்கேயும் இல்லை:
அவர்களுடைய ஊரில் ஆட்களை எண்ண
எவரும் போகாத வருடங்கள்.
பூச்சியத்தால் வகுக்கக் கூடாதென்று
மொளியில் அடித்துச் சொல்லித் தந்த கணக்கு டீச்சரை நினைத்தேன்.
பிறகு பாதை திறந்தது, கொழும்பின் கோடு விழுந்தது.
சுகமாகியல்ல.
வீட்டுக்குப் போனார்கள்.

பொறுப்பு வைத்தியர் ஹசங்கிகா நல்லவர்.
மேடு பள்ளம் கண்டால் மேலிடம் பயப்படும்,
மூன்று வருடச் சராசரி எடுங்கள் என்றார்.
எடுத்தேன். கோடு ஒழுங்காய் வளைந்தது.
கிளாரன்ஸ் இப்போது
மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டுகள் இருக்கிறான்.

பெண்களின் கோடு மட்டும்
சந்தடியில்லாமல் சாய்ந்து கொண்டே வருகிறது.
எழுத்துக்கூட்டலைப் பார்த்தேன், விலாசம் பார்த்தேன், வயதுக்கேற்பச் சீராக்கினேன்,
இன்னும் சாய்கிறது.
அதை நம்புகிறேன். மத்தியானச் சோறு இறங்க
ஏதாவது ஒன்றை நம்பத்தான் வேண்டும்.

புறக்கோட்டை பஸ் நிலையச் சுவரில் இப்போது சிவப்பில்லை.
துப்பினால் தண்டம் என்று மும்மொழியிலும் எழுதி
வெள்ளை அடித்தாயிற்று.
சுவருக்குச் சுகம்.
வாய் இருபது வருடம் பின்னால் வருகிறது.
இந்த ஆண்டு நான் கீறுவது
அந்தச் சுவர் சிவந்திருந்த நாட்களை.

சுவர் வெளுத்த பிறகு வந்த நாட்களோ
சின்னச் சின்னப் பைக்கற்றுகளில் இருக்கின்றன.
நேற்று நூற்றிமூன்றாம் இலக்க பஸ்ஸில்
கண்டக்டர் பெடியன் ஒன்றைப் பல்லால் கிழித்தான்.
பாக்குச் சீவல், ஏலக்காய் வாசம்.
பதினெட்டு வயது இருக்குமா.
மூன்று விரல் நிறுத்தி நுழைய வேண்டும் வாய்க்குள், அதுதான் அளவு.
இவன் சிரித்தபோது பார்த்தேன், இரண்டு போகலாம்.
சொல்ல வாயெடுத்தேன்.
பத்து ரூபாய் மிச்சம் தரவேண்டும் என்றேன்.
தந்தான்.

வரைபுத்தாளின் வலது ஓரத்தில்
நாலு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்,
ஒவ்வொரு வருடமும் விடுகிறேன்.
மருதானையில் ஒற்றைக் காலில் தொங்கியபடி
கொட்டுவ, கொட்டுவ, கொட்டுவ என்று
அதே வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.