இடது ஓரம்

நீரோடியில் முடிந்துவிடுகிறது தமிழ்நாடு.
பந்தை ஓங்கி உதைத்தால் பொழியூரில் விழும்.
மலையாளத்தில் கேட்போம்.
தமிழில் திட்டி எறிவார்கள்.

இன்று பங்கு நூலகத்தில் திரை கட்டி
ஊரே உட்கார்ந்திருக்கிறது.
நான் வயர்லெஸ் அறையில்.
மடியில் கைப்பேசி, கையில் மைக்.
ஆசியக் கோப்பையில் பெண்கள் ஆடுவதைக்
கடலுக்குள் சொல்லும் வேலை எனக்கு.

முப்பது நாட்டிகல் வரைக்கும்தான் என் குரல் போகும்.
அதற்கப்பால் படகு படகாய்க் கைமாறும்.
நான் சொன்ன ஒன்று பூஜ்யம்
ஆழக்கடல் போய்ச் சேர்வதற்குள்
இங்கே இரண்டாகியிருந்தது.

"நம்ம பிள்ளை எறங்கியாச்சா?"
"இல்லண்ணா, பெஞ்சுல."
"காட்டுனானா?"
"நாலு செகண்டு. ஷூ லேஸ் கட்டுனா."
அதையும் கைமாற்றினார்கள்.
ஷூ லேஸ் கட்டுனா, ஓவர்.
ஷூ லேஸ் கட்டுனா, ஓவர்.

டெல்பினும் நானும் ஆடத் தொடங்கியபோது
மைதானத்துக்கு நான்கு ஓரம் இருந்தது.
எங்களுக்குத்தான் பதினொரு பேர் இல்லை.
ஆண்கள் கழற்றிப்போட்ட சட்டை,
முதுகில் ஏதோ இறால் கம்பெனி.
ஓர் ஆடியில் கடல் எழுந்து
மூலைக்கொடியைக் கொண்டுபோயிற்று.
மறு ஆடியில் கோட்டை.
அப்புறம் தெற்கே நின்ற கோல்போஸ்ட்டை, வலையோடு.
(வலை போனதுக்குத்தான் எல்லோரும் வருந்தினார்கள்.)
லாரி லாரியாய்க் கருங்கல் கொட்டினார்கள்.
மிஞ்சியது பொழியூர்ப் பக்கத்துக் கோல் மட்டும்.
ஆகவே எப்போதும் கேரளத்தை நோக்கியே தாக்கினோம்,
கடலை இடது கையில் வைத்துக்கொண்டு.

டெல்பின் இடதுகால்காரி.
ஓரமாய்ச் சீறி வருவாள்,
கல் வந்ததும் வெட்டி உள்ளே திரும்புவாள்.
திரும்பாவிட்டால் முட்டி கல்லுக்கு, பந்து அலைக்கு.
என் முட்டியைப் பார்த்தால் தெரியும்.

முகாமுக்கு இரண்டு பெயரும் போனது.
என் ஆதார் தமிழ்நாடு, பள்ளிச் சான்றிதழ் கேரளம்.
நான் யாருக்கு என்று
இரண்டு அலுவலகங்களும் கேட்டு முடிப்பதற்குள்
முகாம் முடிந்தது.
அது கிடக்கட்டும்.

எண்பத்தொன்றாவது நிமிடம்.
பலகையில் பத்தொன்பது.
மைக்கை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தேன்.
"சொல்லு பிள்ளே, சொல்லு."
"எறங்கிட்டா."

பந்து வந்தது, இடது ஓரத்தில்.
எவ்வளவு இடம்!
வெட்டிய புல், வெள்ளைக் கோடு,
கோட்டுக்கு அப்பாலும் புல்.
ஐஸ் லாரி ஒன்று தாராளமாய்த் திரும்பலாம்.
தடுக்க வந்தவள் சறுக்கி விழுந்துவிட்டாள்.
கொடிக்கம்பம் வரை ஆளில்லை.

டெல்பின் சட்டென வெட்டி
உள்ளே திரும்பினாள்.
மூன்று சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே போய்ப்
பந்தைப் பறிகொடுத்தாள்.

வெளி திறந்து கிடக்கிறதே,
ஏன் உள்ளே போனார் என்றார் வர்ணனையாளர்.
பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.
அனுபவம் போதாது என்றார்.

"பந்து கெடச்சுது. உள்ள திரும்பிட்டா. போச்சு. ஓவர்."

கரகரப்பு.
என் வார்த்தை கைமாறிக் கைமாறி
எங்கோ போய்க்கொண்டிருந்தது.
திரும்பி வந்தபோது ததேயுஸ் அண்ணன் குரல்,
எஞ்சின் சத்தத்துக்கு மேலே:
"ஏன் மக்களே, அங்கயும் கடலா கெடக்கு?"

நாலு பூஜ்யத்தில் முடிந்தது.
சொன்னேன். யாரும் கணக்கில் எடுக்கவில்லை.
ஒரு படகில் ஐஸ் தீர்ந்துவிட்டதாம்.
இன்னொன்று டீசல் விலை கேட்டது.
சேனல் ஓய்ந்த பிறகு
பெயர் சொல்லாமல் ஒருவன்,
மிகத் தூரத்திலிருந்து:
"லேஸு என்ன நெறம்?"

நான் கவனிக்கவில்லை.
மஞ்சள் என்றேன்.