பதினைந்து கிலோ

மாலை ஆறு மணிக்கு எண்களைக் கூப்பிடுகிறேன்.
அலைவரிசையில் பெயர் சொல்லக்கூடாது.
நான்கு-இரண்டு? வீட்டில், ஓவர்.
நான்கு-மூன்று? வீட்டில், பல்வலி, ஓவர்.
பல்வலிக்குப் படிவத்தில் கட்டமில்லை,
ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன்.
நான்கு-ஏழு?

நான்கு-ஏழு?

வானொலி மணல் மெல்லுகிறது.

ஹஸ்ஸபல்லாவின் வண்டி அது.
காலையில் பலகையில் நான்தான் எழுதினேன்:
முகாமுக்கு, 7.40, ஆட்கள் மூவர்,
மாற்று டயர் இரண்டு, தண்ணீர் இருபது லிட்டர்.
கதவில் ஓர் ஒட்டுப்படம்:
கறுப்புத் துப்பாக்கி, அதன்மேல் சிவப்புக் கோடு.
சாட் நாட்டு வெயில் சிவப்பைத்தான் முதலில் தின்னும்.
கோடு போய்விட்டது, துப்பாக்கி நிற்கிறது.
புதியது கேட்டு எழுதி மூன்று மாதம்.

கிழக்கே மலைப்பக்கம் மின்னல்.
எங்களூரில் ஆறு ஓடுவதில்லை, வரும்.
மதியம் வரை ஆடு மேய்ந்த மணலில்
சாயங்காலம் மரத்தை உருட்டிக்கொண்டு வந்து நிற்கும்.
தண்ணீர்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.
தண்ணீராக இருக்கட்டும்.

வெஸ்னா வந்து கதவருகே நிற்கிறாள், ஈரத் தலையோடு.
பாதுகாப்பு அதிகாரி, எங்கோ கடலோர ஊர்க்காரி.
பதினைந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிடு,
முப்பதில் செயற்கைக்கோள் போன்,
அறுபதில் தலைநகரை எழுப்பு:
சுவரில் ஒட்டியிருப்பதையே இருவரும் வாசிக்கிறோம்,
வேறெங்கும் பார்க்க முடியாததால்.

என் மேசை இழுப்பறையில் இன்னொரு தாள் உண்டு.
நிலைமை முற்றினால் விமானம் ஏறுவோர்.
பதினொரு பெயர், ஆளுக்குப் பதினைந்து கிலோ.
தட்டச்சு செய்தது நான்,
எழுத்துப்பிழை பார்த்ததும் நான்.
இங்கே பிறந்தவர்களுக்கு
மூன்று மாதச் சம்பளம் முன்பணம், ஒரு கைவானொலி.
கடைசி வரி:
'விமானம் கிளம்பியதைக் கல்தூமா உறுதிசெய்வார்.'
வெஸ்னா இதை எதிர்த்து மூன்று கடிதம் போட்டாள்.
மூன்றுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது.
அன்றிலிருந்து எனக்குக் காப்பியில்
சர்க்கரை கூடப் போடுகிறாள்.
அவளைக் கோபித்து என்ன.

முப்பது நிமிடம். போன் எடுக்கவில்லை.
நாற்பத்தெட்டு.
தலைநகரின் எண்ணை வெஸ்னா பாதி அழுத்தியிருந்தபோது
மணலுக்குள் ஒரு பெண்குரல்.

யார் பேசுவது? உங்கள் எண்?
எண்ணா? எனக்கு எண் கிடையாது. நான் தாருஸ்ஸலாம்.

முகாமின் மருத்துவச்சி. அகதி.
தினப்படி வாங்குகிறாள்,
எந்தப் பட்டியலிலும் இல்லை.
அந்த வண்டியில் ஏற அனுமதியும் இல்லை.
இக்கரைக்கு ஒரு பிரசவம் பார்க்க வந்தாளாம்,
திரும்பும்போது நடுவழியில் ஆறு வந்ததாம்.
அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்க
இவள் கைவானொலியோடு மேட்டில் ஏறியிருக்கிறாள்.

பெயர் வேண்டாம், என்கிறேன்.
அவள் சொல்லிக்கொண்டே போகிறாள்:
ஹஸ்ஸபல்லா, கத்ர் மகன், முழங்கால் சிராய்ப்பு.
ரிமாஜி, நனைந்திருக்கிறான்.
அந்தக் கணக்குப் பிள்ளை தொம்பாயே, குளிரில் நடுங்குகிறான்,
அவனுக்கு என் துணியைக் கொடுத்திருக்கிறேன்.
எல்லைக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருப்பவனும்
இப்போது எங்கள் ஆட்களைப் பெயரோடு அறிவான்.

நாளை அறிக்கை எழுதவேண்டும்.
மீறிய விதிகள்: இரண்டு.
ஆட்கள்: மூவரை அடித்து நால்வர் என்று எழுதினேன்,
பேனாவால்.

சரி, விடிந்ததும் வண்டி அனுப்புகிறோம், என்றேன்.
அணைக்கவில்லை அவள். மூச்சு கேட்டது.
நீ எங்கே இருக்கிறாய், பெண்ணே? பத்திரமா?

நான் நான்கு-ஒன்பது.
இரவுதோறும் கடைசியில்
நானே கூப்பிட்டு நானே பதில் சொல்லும் எண்.
வெஸ்னா சுவரைப் பார்த்தாள்.

பேட்டரியை வீணாக்காதே, என்றேன்.
ஓவர்.