வெறும் வண்டி எடை

வெள்ளி மாலை ஆறு மணி வரை
அந்தக் கடிதத்துக்கு ஆயுசு.
குருகிராம். பதினோராவது மாடி.
பதினாறு லட்சம் தடித்த எழுத்தில்,
அதில் நாலு லட்சம்
'நிறுவனத்தின் நிலையைப் பொறுத்து' என்று
எறும்பெழுத்தில்.

இன்றைக்குப் புதன்.
கப்பலூர்த் தொழிற்பேட்டையில்
எங்கள் எடைமேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
ரப்பர் வேகிற வாடை. நாலு வருஷம் அஞ்சு மாசமாக
என் சட்டைகளின் வாடையும் இதுதான்.
இன்னும் ஏழு மாசம் இருந்தால் கிராஜுவிட்டி.
இப்போதே போனால் அது இல்லை;
நோட்டீஸ் காலத்துக்கு மூன்று மாதச் சம்பளம்
நான்தான் கட்ட வேண்டும்.
அங்கே முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம்,
அதற்குள் வேண்டாமென்றால்
பதினைந்து நாளில் அனுப்பிவிடலாம்.
அவர்கள் என்னை விடப் பதினைந்து நாள்,
இவர்கள் என்னை விடத் தொண்ணூறு.

எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டாயிற்று.
ஒத்தக்கடை வீட்டுக் கடனுக்கு ஒரு வரி,
அந்த ஊர் வாடகைக்கு ஒரு வரி,
திலகராணி லேப் வேலையை விட்டால் போகிற
இருபத்தாறாயிரத்துக்கு ஒரு வரி.
ஆதிரையின் நுரையீரலை மட்டும்
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.
நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு
அந்த ஊர்க் காற்றின் எண்ணைப் போனில் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
எதில் நானூற்றுப் பன்னிரண்டு என்று தெரியாமலே
எழுந்துபோய் அவள் மூச்சைக் கேட்டேன்.

சேவுகப்பெருமாள் புனேக்குப் போனவன்.
எட்டாவது மாசம், ஒரு திங்கட்கிழமை,
அவனுடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.
இப்போது விளாங்குடியில்
மச்சானின் டைல்ஸ் கடையில் நிற்கிறான்.
போகாதே என்பான் என்று நம்பித்தான் கேட்கப் போனேன்.
கையில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"வேலை போச்சு, அட்வான்ஸ் போச்சு, சரி.
ஆனா அந்த எட்டு மாசமும்
ஒருத்தனும் என்னைய, தம்பிக்கு எந்தப் பக்கம்,
அப்பா பேரு என்ன, கும்பிடுற சாமி எதுன்னு
சுத்தி வளைச்சுக் கேக்கலடா."

கடன் வாங்கி வீடு கட்டுமுன்
வாடகைக்கு ஏறி இறங்கிய ஏழு தெரு ஞாபகம் வந்தது.
ஏழிலும் தண்ணீருக்குக் குறைவில்லை.
ஏழிலும் நான் அப்பா பேரைச் சொன்ன பிறகு
"மகன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்கள்.
எக்செல்லில் அதற்கும் வரி இல்லை.

தூத்துக்குடி லாரி ஒன்று மேடையேறுகிறது.
பவளக்கொடி ஜன்னல் வழியே கத்துகிறாள்:
"டிரைவரண்ணே, வெறும் வண்டிக்கு இறங்குனீங்கள்ல?
லோடுக்கும் இறங்குங்க!"
உள்ளேயே உட்கார்ந்திருந்தால்
அவருடைய எழுபது கிலோ சரக்கோடு சேர்ந்துவிடும்.
அலுத்துக்கொண்டே குதிக்கிறார்.

மூன்று ராத்திரியாக நான் போட்ட கணக்கில்
ஒரு தடவைகூட நான் இறங்கவில்லை.
ஞாயிறு பயந்தவன் உட்கார்ந்து போட்ட எடை,
திங்கள் ரோஷக்காரன் உட்கார்ந்து போட்டது,
நேற்று யார் உட்கார்ந்திருந்தானோ.

லாரி போனபின், அவள் அறையைப் பூட்டுமுன்
சும்மா மேடை நடுவில் போய் நிற்கிறேன்.
எழுபது என்கிறது. பிறகு எண்பது. மறுபடி எழுபது.
"பத்துப் பத்தாத்தான் காட்டும் சார்.
டன் கணக்குக்கு உள்ள மிஷினு,
ஆளுக்கு ஆகாது."

போன் அடிக்கிறது. திலகராணி.
மருந்துக்கடையில் நிற்கிறாளாம்.
"இன்ஹேலர் ஒண்ணு வாங்கவா, ஆறு வாங்கவா?"
அவள் பின்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை.
டோல்கேட் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.
"கேக்குதா?" என்கிறாள்.
கேக்குது என்கிறேன்.
எண்பது.
எழுபது.