விழும்போது கை முந்தும்

மாசி பிறந்தால்
பென்னாகரத்துப் புளியமரங்களிலிருந்து மணிக்கட்டுகள் வரும்.
உலுக்க ஏறியவர், ஏணியில் நின்றவர்,
கிளை முறிந்த நொடியில் எல்லோரும் செய்தது ஒன்றே.
தரையை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள், கையால்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி, மாவுக்கட்டு அறை.
பதினோரு வருஷமாய் நான் நனைத்துச் சுற்றிய துணியை
நீட்டி விரித்தால் தொப்பூர் கணவாய் தாண்டும்.
முள்கரண்டியாய் வளைந்த கை வாசலில் தெரிந்தால்
எக்ஸ்ரே வருமுன்னே வாளியில் தண்ணீர் பிடிப்பேன்.

இப்படிப்பட்டவள்
சீட்டு எடுத்த பணத்தில்
ஔலியில் ஐந்து நாள்
பனிப்பலகை பழகக் கட்டணம் கட்டியிருக்கிறேன்.
"முப்பத்தெட்டு வயசுல?" என்றார் சிஸ்டர் லூர்துமேரி.
"ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிக்கிட்டா?"
ஆமாம்.
கட்டுவதுதானே என் வேலை.

நாலு ரோட்டில் நூருல்லா கடை.
ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார், தேங்காய் பார்ப்பதுபோல்.
"பனின்னா மெத்துனுதானே இருக்கும்? இதுவே அதிகம்."
ஒன்றரைக் கிலோ.
நாளைக்கு முப்பது தடவை விழுகிறவளின்
கழுத்துக்கு யார் கட்டுப்போடுவது?

அளவெடுத்தது ஆஸ்பத்திரி டேப்பில்தான்.
புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி
பின்மண்டை மேட்டைச் சுற்றி
ஐம்பத்தாறரை.
கொண்டையை அவிழ்த்தால் ஐம்பத்தைந்து.
பனியில் பின்னல்தான் என்று அங்கேயே தீர்மானமானது.

பார்சலில் மூன்று வந்தன.
கொக்கி மாட்டாமல் தலையை ஆட்டினேன்.
முதலாவது தனியே ஆடியது,
கேட்காத கேள்விக்குத் தலையாட்டுகிறவனைப் போல.
இரண்டாவது பத்தே நிமிஷத்தில் பொட்டில் அழுத்தியது.
மூன்றாவதோடு என் புருவமும் சேர்ந்து நகர்ந்தது.
மற்ற இரண்டையும் அன்றே திருப்பி அனுப்பினேன்.

மணிக்கட்டுக் கவசம்தான் மூன்று ராத்திரியைத் தின்றது.
ஓசூரில் சக்கரச் செருப்புப் பிள்ளைகளுக்கு விற்பது
கையுறைக்குள் நுழையவே இல்லை.
டாக்டர் இளம்பருதி அதை வளைத்துப் பார்த்தார், வளையவில்லை.
"குட்டை, முரடு.
மணிக்கட்டு தப்பிக்கும். இது முடியுற இடத்துல முன்கை உடையும்."
எனக்குத் தெரியாததா?
அடி காணாமல் போவதில்லை,
எங்கேயாவது இறங்கித்தான் தீரும்.
கடைசியில் எடுத்தது
முழங்கைப் பக்கம் நீண்டது, அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுப்பது.
அதைப் போட்டுக்கொண்டு
கையுறையைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன்.
பித்தான் மாட்ட முடியவில்லை. பரவாயில்லை.

அன்று இரவுதான் தொப்பூர் இறக்கத்திலிருந்து மாதேஷ் வந்தான்.
கூடவே அவன் ஹெல்மெட்டும், அண்ணன் கையில்.
ஒரு கீறல் இல்லை.
வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு வந்ததாம்.
வைக்க இடமில்லாமல் குளுக்கோஸ் கம்பியில் மாட்டினார் அண்ணன்.
நான் கைக்குக் கட்டினேன்.
தலையைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டில் இரண்டு மெத்தை விரித்து விழப் பழகினேன்.
விரலை மடக்கு. முழங்கையை உடம்போடு சேர். முன்கையால் வாங்கு.
முதல் பத்து முறையும் கை விரிந்தே முந்தியது.
தினம் எத்தனை பேரிடம் "ஏன் கையை ஊன்றினீர்கள்" என்று
கேட்டிருப்பேன்.
பதினோராவது முறை மடங்கியது.
பன்னிரண்டாவது மறுபடி விரிந்தது.

நான்கு நாளாய் அந்த ஹெல்மெட் கம்பியிலேயே தொங்கியது.
குளுக்கோஸ் பாட்டில்கள் அதைச் சுற்றிக்கொண்டு ஏறின, இறங்கின.
யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
ஐந்தாம் நாள் அண்ணன் வந்தார்.
எடுத்துத் தன் தலையில் வைத்தார், வாரை இழுத்து மாட்டினார்.
சாவியைத் தேடித் திரும்பியபோது
அவர் நெற்றி அசையவில்லை, ஹெல்மெட் மட்டும் சுற்றியது.

"அண்ணே, நில்லுங்க. அது உங்களுக்கு ஒரு அளவு பெரிசு."

"தெரியும்மா," என்றார்.
"அவன் தலை என்னோடதை விடப் பெரிசு."