கையெழுத்து என்ட

சம்மாந்துறை தாண்டினால் வயல்,
வயல் முடிந்தால் அம்பாறை.
கல்முனையில் ஏழு மணிக்கு ஏறினேன்.
மடியில் பை, பைக்குள் இடியப்பப் பார்சல்,
பார்சலுக்கு அடியில் திறந்த பல்கலைக்கழகப் பாடநூல்,
அலகு ஆறு: அமெரிக்கா.

சொதி கசிந்த பக்கத்தில் மிராண்டா வழக்கு.
அரிசோனாவில் ஒருவனை
இரண்டு மணி நேரம் அறைக்குள் வைத்திருந்தார்கள்.
கதவு திறந்தபோது ஒப்புதல் இருந்தது.
தாளின் தலையில் முன்னமே அச்சடித்திருந்தது,
என் உரிமைகளை முற்றாக அறிந்துகொண்டே, என்று.
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.
அதன் கீழ்தான் ஒப்பமிட்டான்.
ஐந்துக்கு நாலு எனப் பிரிந்தது உச்ச நீதிமன்றம்.
அதன் பிறகு அங்கே பிடித்து வைத்து விசாரிப்பவன்
கேள்விக்கு முதல் ஒரு வசனம் சொல்ல வேண்டும்:
பேசாதிருக்க உனக்கு உரிமை உண்டு.

கொண்டவெட்டுவான் குளக்கட்டுப் பக்கம்
யானை நிற்கிறதாம், பஸ் நின்றது.
அந்த வசனத்தை நான் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன்,
பிறகு தமிழில்.
தெரியாத பாஷையில் கேட்டால்
எவனும் ஊமைதானே,
அதற்கு உரிமை எதற்கு என்று
பக்கத்தில் யாரோ கேட்டது மாதிரி இருந்தது.
பக்கத்து சீற்றில் ஒரு சாக்கு வெங்காயம்.

மேல் நீதிமன்றம். பத்தே கால்.
கூண்டில் பேரின்பம், கோமாரி ஆள்,
முப்பத்தொரு வயது, அதில் ஏழு உள்ளே.
பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை நாங்கள்.
ஒலியை மட்டும் கொடுத்தேன்,
எழுதுவினைஞர் இரண்டு தரம் கேட்டுக் குறித்தார்.

அரச சட்டத்தரணி தாள்களை உயர்த்திக் காட்டினார்.
பதினொரு பக்கம், அத்தனையும் சிங்களம்.
ஒவ்வொன்றின் அடியிலும் தமிழில் ஒரு பெயர்,
முதலாம் பக்கத்தில் நேராக,
ஏழாம் பக்கத்தில் சரிந்து,
கடைசியில் 'ம்' இல்லாமல்.
'மே அத்சன ஒபேத?'
இது உங்களுடைய கையெழுத்தா, என்றேன்.

பேரின்பம் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
'கையெழுத்து என்ட.
எழுத்து என்டது இல்ல.'

கூட்டாமல் குறைக்காமல் பெயர்ப்பேன் என்று
சத்தியம் செய்தவள் நான்.
அத்சன.
அந்தச் சொல்லில் கை இருக்கிறது,
எழுத்து இல்லை.
'அத்சன மகே' என்றதும்
சட்டத்தரணி இருந்துவிட்டார்.
'அகுரு மகே நெவெய்' என்பது
அவருடைய கதிரைச் சத்தத்தோடு போயிற்று.
எந்த எழுத்து, ஏன் எழுத்து,
ஒப்பத்தைக் கேட்டால் இவன் எதைச் சொல்கிறான்?
எழுதுவினைஞர் தட்டினார்: ஒப்பம் ஏற்கப்பட்டது.

கையைத் தூக்கினேன்.
பதினான்கு வருசத்தில் முதல் தடவை.
கனம் நீதிபதி அவர்களே, ஒரு சொல்லைப் பற்றி.

'மொழிபெயர்ப்பாளர் சாட்சி அல்ல' என்றார்,
கோபமில்லாமல்தான்.
நான் இருந்தேன்.
மின்விசிறி சுற்றியது.
பிறகு அவர் அந்தப் பதினொரு தாளையும் கேட்டு வாங்கி
எழுத்தை விட்டுவிட்டு
அடியில் இருந்த பெயரை மட்டும்
ஒன்று ஒன்றாகப் புரட்டினார்.
கடைசித் தாளில் நேரம் எடுத்தது.
அடுத்த தவணை இருபத்தெட்டாம் திகதி.
பேரின்பம் என்னிடம் 'என்னவாம்?' என்றான்.
திகதியைச் சொன்னேன்.

மிராண்டா விடுதலையாகிவிடவில்லை.
திரும்ப விளங்கி, திரும்பக் குற்றவாளி.
வெளியே வந்த காலத்தில்
அந்த உரிமை வசனம் அச்சடித்த அட்டைகளில்
தன் ஒப்பத்தை இட்டு விற்றானாம்,
ஒன்று ஒன்றரை டொலருக்கு.
பாடநூலில் இது இல்லை,
விரிவுரையாளர் தேநீருக்கு நிற்கையில் சொன்னது.

மூன்று மணிக்கு பயணப்படிப் படிவம் நீட்டினார்கள்.
இங்கே ஒரு கையெழுத்து மிஸ்.
பேனாவை மூடி வைத்து வாசித்தேன்,
மேலிருந்து, எல்லா வரியும்.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்,
பஸ் போகப்போகிறது என்றார் ஒருவர்.
நாலாம் வரியில்
என் பெயரையே பிழையாக அடித்திருந்தார்கள்.